மாருதி 800: முன் சக்கரத்துல சத்தம் வந்தா ஆக்ஸிலை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஸ்டாண்ட் மேல நிக்கிறது மாருதி 800. 1983 டிசம்பர்ல வந்த வண்டி, 2014 ஜனவரியில உற்பத்தி நின்னுபோச்சு. இப்ப ரோட்டுல ஓடுற எந்த 800-ஐ எடுத்தாலும் அடியில இருக்கிற ரப்பருக்கு நல்லா வயசாயிருக்கும். ஆனா முன்னாடி சத்தம்னு சொன்ன உடனே "ஆக்ஸில் போச்சு"ன்னு கையை வெச்சுடுறாங்க. அது சரியில்ல. ஆக்ஸில்னா கியர்பாக்ஸ்ல இருந்து முன் சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்.

முதல்ல சத்தத்தைப் பிரிச்சுக் கேளுங்க. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு, முதல் கியர்ல மெதுவா நகர்த்துங்க. கட கட கடன்னு சக்கரம் சுத்துற வேகத்தோட சேர்ந்து வந்தா, வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதாவது ஆக்ஸிலோட சக்கரப் பக்க நுனியில இருக்கிற, திரும்பினாலும் சுத்துற மூட்டு. நேரா போகும்போது பிக்கப் கொடுத்தா உதறுது, காலை எடுத்தா அடங்குதுன்னா உள்பக்க ஜாயிண்ட். பள்ளத்துல மட்டும் டொக்கு டொக்குன்னா ஆக்ஸிலைத் தொடவே வேண்டாம். அது பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மை சக்கரப் பக்கம் இணைக்கிற உருண்டை மூட்டு), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ பிடிச்சிருக்கிற கை) புஷ், அதாவது ரப்பர் வளையம், ஸ்டெபிலைசர் பார் புஷ், இல்ல ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) மேல இருக்கிற மவுண்டிங்.

இந்த வண்டியில ஸ்டெபிலைசர் பாருக்கு ரெண்டு வேலை. வளைவுல சாயாம பிடிக்கிறதோட, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராம தாங்குறதும் அதேதான். அந்த புஷ் நைஞ்சா பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னாடி தள்ளும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உடனே பிரேக்கைப் பிரிச்சுப் போடுவாங்க, அதுல ஒண்ணும் இருக்காது.

சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயிண்ட். இடதும் வலதுமா பிடிச்சு ஆட்டும்போது வந்தா ஸ்டியரிங்கை சக்கரத்தோட இணைக்கிற டை ராடு எண்டைப் பாருங்க.

சரி, ஷாஃப்ட்டைக் கழட்டியே ஆகணும்னு வெச்சுக்குவோம். வண்டி தரையில நிக்கும்போதே ஸ்ப்ளிட் பின்னை உருவிட்டு சக்கர நடுவுல இருக்கிற ஹப் நட்டை லூஸ் பண்ணிடுங்க. தூக்கின பிறகு அந்த நட்டோட மல்லுக்கட்டுனா வண்டி ஸ்டாண்டுல இருந்து நழுவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. அடுத்து கியர் ஆயிலை வடிச்சிடுங்க, இல்லன்னா ஷாஃப்ட்டை உருவினதும் கொட்டும். பால் ஜாயிண்ட் போல்ட்டை லூஸ் பண்ணா மட்டும் போதாது, முழுசா வெளிய எடுக்கணும். அது பால் ஜாயிண்ட் தண்டுல இருக்கிற பள்ளத்துல உக்காந்திருக்கும். உள்பக்கத்தை கியர்பாக்ஸ் ஓரமா லீவர் போட்டு நெம்புங்க. ஷாஃப்ட்டைப் பிடிச்சு இழுத்தா பூட்டுக்குள்ள (பூட்னா ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் உறை) ஜாயிண்ட் பிரிஞ்சிடும். வெளிய வந்ததும் ஆயில் சீலைப் பாருங்க. உதடு தேஞ்சிருந்தா இப்பவே மாத்திடுங்க.

வெளிப்பக்க பூட் கிழிஞ்சிருந்தாலும் நான் உள் ஜாயிண்டைக் கழட்டி, அந்த வழியாத்தான் புது பூட்டை ஏத்துவேன். வெளி ஜாயிண்டை சுத்தியால அடிச்சுப் பிரிச்சா உள்ள பந்துகளைப் பிடிச்சிருக்கிற கேஜ் கெடும். நடுவுல வெட்டி, பசை போட்டு ஒட்டுற பூட் வேண்டவே வேண்டாம். ஒட்டின இடம் விட்டுடும், மறுபடி மண்ணு போகும். ஜாயிண்டைக் கொல்றது ஓடின கிலோமீட்டர் இல்லீங்க, கிழிஞ்ச பூட் வழியா போற மண்ணும் தண்ணியும்தான். சத்தம் வர்றதுக்கு முன்னாடி பூட்டை மாத்தினா ஜாயிண்ட் பிழைச்சிடும். சத்தம் வந்த பிறகு புது கிரீஸ் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, குழி விழுந்த பந்துப் பாதை திரும்ப வராது.

ஜாயிண்டை மண்ணெண்ணெய்ல கழுவி, நல்லா உலர விட்டு, பூட் கிட்டோட வர்ற கறுப்பு மாலிப்டினம் கிரீஸை முழுசா போடுங்க. வீல் பேரிங் கிரீஸ் இங்க ஆகாது. கிளாம்ப் இறுக்குறதுக்கு முன்னாடி பூட் வாய்ல ஒரு மழுங்கின ஸ்க்ரூடிரைவரை நுழைச்சு உள்ள அடைபட்ட காத்தை விடுங்க. மடிப்பு ஒரு பக்கமா சப்பிக்கிட்டு நின்னா சுத்தும்போது உரசிக் கிழியும்.

இனிமே சொல்றதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. புது லோயர் ஆர்ம் போட்டா, உள்பக்க புஷ் போல்ட்டை கையால மாட்டிட்டு விட்டுடுங்க. சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி ஆட்டின பிறகுதான் கடைசி இறுக்கு. ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினா, வண்டி எடை இறங்கினதும் புஷ் ரப்பர் முறுக்கினபடியே நிக்கும். அப்படி நின்ன புஷ் சில மாசத்துலயே கிழியும், "புது பார்ட் டூப்ளிகேட்"னு கடைக்காரர் மேல பழி போகும்.

ஸ்ட்ரட் பிரிக்கணும்னா ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் ரெண்டு எதிரெதிரா போட்டு, ஸ்ப்ரிங் ரெண்டு பக்கமும் தளர்ந்த பிறகுதான் மேல் நட்டைத் தொடணும். கம்ப்ரஸர் இல்லைன்னா இந்த வேலையைச் செய்யாதீங்க, உயிர் போற விஷயம். ஸ்ட்ரட் மாத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.

வண்டியைத் தரையில இறக்கி வெச்சு ஹப் நட்டை டார்க் ரெஞ்ச்ல இறுக்குங்க. ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கணுமே தவிர தளர்த்தக்கூடாது. பின் எப்பவும் புதுசு. கியர் ஆயில் ஜிஎல்-4 தரம், வண்டி மட்டமா நிக்கும்போது லெவல் ஓட்டை விளிம்பு வரைக்கும் ஊத்துங்க.

வீல் அலைன்மென்ட்ல டோ (முன் சக்கரங்க உள்பக்கமாவோ வெளிப்பக்கமாவோ திரும்பியிருக்கிற அளவு) பார்த்துட்டு ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டுங்க. அப்புறம் சக்கரத்தோட உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. ரிம்முல கிரீஸ் தெறிச்சிருந்தா கிளாம்ப் பிடிக்கலை, அதை மட்டும் திரும்ப இறுக்கினா போதும்.