3 நிமிஷ வேலை 11 செகண்ட்ல முடிஞ்சது எப்படி? சின்ன என்ஜிஓ நடத்துறவங்க இத பாருங்க!

[ஸ்கிரீன்ல ஸ்டாப்வாட்ச் ஓடுது]

ஒரு அட்டைப்பெட்டி. புயல்ல எல்லாத்தையும் இழந்த குடும்பத்துக்குப் போகவேண்டிய பெட்டி. அதுல பொருள அடுக்கி மூட 3 நிமிஷம் ஆயிட்டு இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அதே பெட்டி 11 செகண்ட்ல ரெடியாகுது. 11 செகண்ட் மக்களே! கணக்கு போட்டு பாருங்க, கிட்டத்தட்ட 16 மடங்கு வேகம்.

வணக்கம். இன்னைக்கு வீடியோ ரெண்டு பேரு, அஞ்சு பேரு, பத்து பேருன்னு சேர்ந்து டிரஸ்டோ, தொண்டு நிறுவனமோ நடத்துறவங்களுக்கு. "நேரமே பத்தலங்க"ன்னு தினமும் சொல்றவங்களுக்கு. நானும் ஒரு சின்ன டிரஸ்ட்ல வாலண்டியரா கணக்கு பாக்குறேன், அதனால இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

சரி, அந்தப் பெட்டி கதைக்கு வருவோம். நியூயார்க்ல பசியில இருக்கிறவங்களுக்கு உதவுற பெரிய ஃபுட் பேங்க் ஒண்ணு இருக்கு, பேரே ஃபுட் பேங்க் ஃபார் நியூயார்க் சிட்டி. அவங்களுக்கு டொயோட்டா கம்பெனி பணத்துக்குப் பதிலா தன்னோட இன்ஜினியருங்களையே கொடுத்துச்சு. ஆமா, கார் செய்றவங்க. 2012-ல சாண்டி புயல் அடிச்சுச்சு இல்லையா, அந்த நிவாரணப் பெட்டி வேலையும் இதுல ஒரு பகுதிதான். அந்த இன்ஜினியருங்க வேலை செய்ற முறைய ஜப்பான்காரங்க கைசன்னு சொல்வாங்க, அதாவது கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிக்கிட்டே போறது.

ஆனா எனக்கு பெட்டிய விட ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு, இத மட்டும் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. அதே நகரத்துல ஹார்லெம்னு ஒரு பகுதி, அங்க ஒரு இலவச சாப்பாட்டுக்கூடம். ராத்திரி சாப்பாட்டுக்கு ஜனங்க 90 நிமிஷம் வரைக்கும் க்யூல நிப்பாங்க. இன்ஜினியருங்க வந்து பாத்தாங்க. சமையல் ஸ்லோவா? இல்ல. பரிமாறுறவங்க ஸ்லோவா? அதுவும் இல்ல. பிரச்சனை வாசல்ல இருந்துச்சு. பத்து பத்து பேராத்தான் உள்ள விட்டுட்டு இருந்தாங்க!

இப்ப கண்ண மூடி யோசிச்சு பாருங்க. உள்ள ஒருத்தர் சாப்ட்டு எந்திரிச்சிட்டாரு, நாற்காலி காலி. வெளிய பசியோட ஒருத்தர் நிக்கிறாரு. ரெண்டுக்கும் நடுவுல பத்து அடி தூரம்கூட இருக்காது. ஆனா அவரு உள்ள வரமுடியாது, ஏன்னா இன்னும் ஒன்பது பேரு எந்திரிக்கணும். யாரு மேலயும் தப்பு இல்ல, எல்லாரும் ஓடி ஓடித்தான் வேலை செய்றாங்க, இருந்தாலும் நாற்காலி சும்மா கிடக்குது, ஆளு சும்மா நிக்கிறாரு.

அவங்க மாத்துனது மூணே விஷயம். பத்து பேர் கணக்க எடுத்துட்டு, ஒரு சீட் காலியானா உடனே ஒருத்தர உள்ள விட்டாங்க. உள்ளயே ஒரு சின்ன காத்திருப்பு இடம் வச்சு அங்கயே தட்ட எடுத்துக்க சொன்னாங்க. அப்புறம் ஒரு ஆள, காலி நாற்காலி எங்க இருக்குன்னு பாக்குறதுக்கு மட்டுமே நிறுத்துனாங்க. இந்த மூணாவதுதான் எனக்கு அழகு. நாமளா இருந்தா "ஆளே பத்தல, இதுல ஒருத்தர் சும்மா நின்னு பாக்கணுமா"ன்னு கேட்ருப்போம். அந்த "சும்மா நின்னு பாக்குற" ஆளாலதான் மத்தவங்க உழைப்பு வீணாகாம போச்சு. 90 நிமிஷம் 18 நிமிஷம் ஆச்சு.

[ஸ்கிரீன்ல: 90 → 18]

இந்த இடத்துல வீடியோவ பாஸ் பண்ணி, உங்க ஆபீஸ்ல எந்த வேலை "பத்து சேரட்டும்"னு காத்துக்கிட்டு இருக்குன்னு யோசிங்க. எங்ககிட்ட அது நன்கொடை ரசீது.

மாசக் கடைசி, ராத்திரி. ஒரு பக்கம் பேங்க் ஸ்டேட்மென்ட், இன்னொரு பக்கம் வாட்ஸ்அப். அனுப்புனவர் போட்ட ஸ்கிரீன்ஷாட்ல ஒரு பேரு, ஸ்டேட்மென்ட்ல இனிஷியலோட வேற மாதிரி, ஃபார்ம்ல அவங்க வீட்டுக்காரம்மா பேரு. இது மூணும் ஒரே ஆளா, மூணு ஆளா? குரூப்ல மேல மேல தள்ளிக்கிட்டே போவேன், பொறந்தநாள் வாழ்த்து, குட்மார்னிங் படம் எல்லாத்தையும் தாண்டி அந்த ஸ்கிரீன்ஷாட்ட புடிக்கணும். ஒரு தடவ உக்காந்து நேரம் குறிச்சேன். ரசீது அடிக்க 2 நிமிஷம். அது யாரோட பணம்னு கண்டுபிடிக்க 9 நிமிஷம். ஒரு ரசீதுக்குங்க! இதுல நான் எவ்ளோ வேகமா டைப் பண்ண கத்துக்கிட்டாலும் மிச்சமாகுறது அந்த 2 நிமிஷத்துலதான்.

அதனால மாசக் கடைசிங்கிறத விட்டுட்டோம். பணம் வந்த அன்னைக்கே ஒரு வரி மெசேஜ், "ரசீது எந்தப் பேர்ல வேணும்?" அவங்களும் போன கையில வச்சிருப்பாங்க, உடனே பதில் வரும், ரசீது அப்பவே போயிரும். மூணு வாரம் கழிச்சு கேட்டா அவங்களுக்கே மறந்துருக்கும். காலி நாற்காலிக்கு உடனே ஆள் விட்ட மாதிரிதான் இதுவும்.

நம்பலைன்னா வீட்லயே ஒரு சோதனை பண்ணுங்க. பத்து கவரு, பத்து லெட்டரு. முதல்ல எல்லா லெட்டரையும் மடிச்சுட்டு, அப்புறம் எல்லாத்தையும் கவர்ல போட்டு, அப்புறம் மொத்தமா ஒட்டுங்க. அடுத்து ஒவ்வொண்ணா மடிச்சு, போட்டு, ஒட்டி முடிங்க. நேரம் குறிச்சு பாருங்க, ரொம்ப பேருக்கு ரெண்டாவது வழி சீக்கிரம் முடியுறது ஆச்சரியமா இருக்கும், ஏன்னா முதல் வழியில அரைகுறை குவியல எடுத்து எடுத்து வைக்கிறதுக்கே நேரம் போகுது. அதவிட முக்கியம், லெட்டர் கவருக்குள்ள போகாத சைஸ்ல இருந்தா முதல் கவர்லயே தெரிஞ்சிரும். மொத்தத்தையும் மடிச்ச பிறகு தெரிஞ்சா அழுகதான் வரும்.

சரி, உங்க இடத்துல வேலை எங்க நிக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? டொயோட்டால டாய்ச்சி ஓனோன்னு ஒரு இன்ஜினியர் இருந்தாரு, இந்த முறைக்கெல்லாம் பெரிய காரணம் அவருதான். தரையில சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ள நின்னு பாரு"ன்னு ஆளுங்கள நிறுத்திருவாராம். மணிக்கணக்கா. பாக்குறது மட்டும்தான் வேலை. நீங்க மணிக்கணக்கா நிக்க வேணாம், உங்க வாலண்டியர் பக்கத்துல ஒரே ஒரு மணி நேரம் ஒரு நோட்டோட உக்காருங்க. குறுக்க பேசாதீங்க, "அப்படி பண்ணாதப்பா"ன்னு சொல்லாதீங்க. அவங்க எப்பெல்லாம் ஒரு பதிலுக்காக நிக்கிறாங்க, ஒரே பேர எத்தன இடத்துல அடிக்கிறாங்க, எத எங்க தேடுறாங்கன்னு மட்டும் எழுதுங்க. இதுக்கு முன்னாடி எந்த சாஃப்ட்வேரும் வாங்கிராதீங்க, ப்ளீஸ். பத்து பத்து பேரா உள்ள விடுற வாசலுக்கு ஆப் போட்டா அந்த ஆப்பும் பத்து பத்து பேராத்தான் விடும்.

டூல்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். பதிவு செஞ்ச தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள், மைக்ரோசாஃப்ட், கேன்வா எல்லாமே இலவசமாவோ சலுகையாவோ குடுக்குறாங்க, விண்ணப்பிச்சு வாங்கிக்கோங்க. விவரம் எல்லாம் ஒரே ஷீட்ல இருக்கட்டும், ஒரு ஃபார்ம் வச்சு நேரா அதுலயே விழுற மாதிரி பண்ணுங்க. ஃபைல் பேர வருஷம், மாசம், தேதின்னு ஆரம்பிங்க, 2025-03-14 மாதிரி, அது தானாவே வரிசையா நின்னுக்கும். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்"னு தேடுற பாடு இல்ல.

பாஸ்வேர்ட். எங்க டிரஸ்ட்ல எல்லா பாஸ்வேர்டும் ஒரே அக்காவுக்குத்தான் தெரியும். அவங்க ஆஸ்பத்திரியில இருந்த ஒரு வாரம் எங்களால மெயில்கூட திறக்க முடியல, உடம்பு முடியாதவங்களுக்கு போன் போட்டு ஓடிபி கேட்டோம். எனக்கு இன்னும் மனசு உறுத்துது. எந்த வேலையா இருந்தாலும் ரெண்டு பேருக்குத் தெரியணும், பாஸ்வேர்ட் மேனேஜர், அதாவது எல்லா பாஸ்வேர்டையும் பத்திரமா பூட்டி வைக்கிற ஆப், ஒண்ணு வச்சுக்கோங்க.

ஒரே ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருப்பேன். உதவி கேட்டு வர்றவங்க பேசுற நேரத்துல மட்டும் ஸ்டாப்வாட்ச வைக்காதீங்க. ஒரு அம்மா தன் பையன் படிப்பு பத்தி சொல்ல வந்து அரை மணி நேரம் வேற எதயோ பேசுவாங்க, பேசட்டும். அந்த அரை மணி நேரத்த குடுக்க முடியணும்னுதான் ரசீதுல 9 நிமிஷத்த மிச்சம் புடிக்கிறோம்.

நீங்க இந்த வாரம் ஒரு வேலைய நேரம் குறிச்சு பாத்துட்டு, செய்ற நேரம் எவ்ளோ, காத்திருந்த நேரம் எவ்ளோன்னு ரெண்டு நம்பரையும் கமெண்ட்ல போடுங்க, ஒண்ணு விடாம படிப்பேன். உங்க குரூப்ல கணக்கு பாக்குறவங்களுக்கு இந்த வீடியோவ அனுப்பிவிடுங்க, முடிஞ்சா மாசக் கடைசிக்கு முன்னாடி.