கயிறோடு கந்தைத் துணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எரேமியா தீர்க்கதரிசியைத் தெரியாத கிறிஸ்தவ வீடு இருக்காது. அவரைச் சாவிலிருந்து தூக்கியெடுத்தவர் யார் என்று கேட்டால், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளைகள்கூடக் கொஞ்சம் திணறுவார்கள். அவர் பெயர் எபெத்மெலேக். எரேமியா புத்தகத்தின் 38-ஆம் அதிகாரத்தில் ஏழு வசனம், 39-ஆம் அதிகாரத்தில் நான்கு வசனம். வேதாகமத்தில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

நடந்தது கி.மு. 588, 587 வாக்கில். பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்டிருந்தான். உள்ளே ராஜா சிதேக்கியா. கி.மு. 597-இல் அதே நேபுகாத்நேச்சார் அரியணையில் உட்கார வைத்த ஆள். பிறகு அவனுக்கே எதிராகத் திரும்பியவன். இடையில் எகிப்தின் படை கிளம்பி வருகிறது என்று கேள்விப்பட்டு முற்றுகை கொஞ்ச நாள் தளர்ந்தது. தப்பித்தோம் என்று ஊர் நினைத்தது. எரேமியா மட்டும், “திரும்பி வருவார்கள். சரணடையுங்கள், உயிராவது மிஞ்சும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போர் நேரத்தில் இப்படிப் பேசுகிறவரை எந்த அரசாங்கம் விட்டுவைக்கும்? செப்பத்தியா, கெதலியா, யூகால், பஸ்கூர் என்று நான்கு பிரபுக்கள் ராஜாவிடம் போனார்கள். இந்த மனிதன் போர்வீரர்களின் கைகளைத் தளரச் செய்கிறான், கொன்றுவிட வேண்டும் என்றார்கள். இது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் புழங்கிய பேச்சு போலிருக்கிறது. 1935-இல் லாகீஸ் நகரத்தின் இடிபாடுகளில், மையால் எழுதிய பானையோட்டுக் கடிதங்கள் கிடைத்தன. அதே கடைசி நாட்களைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றில் இதே ‘கை தளர்த்தும்’ குற்றச்சாட்டு இருக்கிறது. அந்த நால்வரும் வெறும் பொறாமைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுடைய பயத்துக்கும் காரணம் இருந்தது.

ராஜா என்ன சொன்னான்? “அவன் உங்கள் கையில் இருக்கிறான், உங்களை மீறி நான் என்ன செய்ய முடியும்?” என்று கைவிரித்துவிட்டான்.

காவற்சாலை முற்றத்தில் மல்கியாவின் துரவு ஒன்று இருந்தது. எருசலேமில் மழைநீரைச் சேர்க்கச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து இப்படித் தொட்டிகள் செய்வார்கள். பெரும்பாலும் வாய் குறுகலாக இருக்கும், அடி அகலமாக இருக்கும். உள்ளே விழுந்தவர் தானாக ஏறிவர முடியாது. இந்தத் துரவில் தண்ணீர் வற்றி வெறும் உளைதான் மிச்சம். எரேமியாவைக் கயிற்றில் கட்டி அதற்குள் இறக்கினார்கள். சேற்றில் புதைந்தார். யார் கையிலும் ரத்தம் படாது. பசி பார்த்துக்கொள்ளும்.

அப்போதுதான் எபெத்மெலேக் வருகிறார். அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியர். இன்றைய எத்தியோப்பியா அல்ல. எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கம் இருந்த கூஷ் தேசம். ஒரு காலத்தில் எகிப்தையே ஆண்டவர்கள் அந்த மக்கள். இரண்டாம் ராஜாக்களின் புத்தகத்தில் வரும் தீராக்கா அவர்களுடைய ராஜாதான். ஆனால் எருசலேமில் இவர் வேற்று நாட்டுக்காரர், ஊழியர், பெரும்பாலும் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். ஊரில் சொந்தமும் இல்லை, கோத்திரமும் இல்லை.

அவர் போன இடத்தைக் கவனியுங்கள். ராஜா அப்போது பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்தான். நகர வாசல் என்றால் வழக்கு கேட்கும் இடம், ஆள் நடமாட்டம் உள்ள இடம். எரேமியாவிடம் ஆலோசனை கேட்க வேண்டுமென்றால் ராஜாவே ரகசியமாகத்தான் கூப்பிடுவான். இவர் வாசலுக்கே போய், “இந்த மனிதர்கள் செய்தது அநியாயம், நகரத்தில் அப்பமே இல்லை, அவர் பட்டினியால் சாவார்” என்றார். நாலு பேர் முன்னால் சொன்னதால்தான் ராஜா அசைந்தான் என்பது என் யூகம். 30 பேரைக் கூட்டிக்கொண்டு போ என்றான். கிழவர் ஒருவரைத் தூக்க 30 பேர் எதற்கு, மூன்று பேர் என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்று சில அறிஞர்கள் சொல்வதுண்டு. எனக்கு 30 சரியாகத்தான் படுகிறது. தூக்குவதற்கு மூன்று பேர் போதும். பிரபுக்களின் ஆட்கள் வந்தால் தடுக்க மிச்சப் பேர் வேண்டாமா?

உத்தரவு கிடைத்ததும் எபெத்மெலேக் நேராகத் துரவுக்கு ஓடவில்லை. பொக்கிஷ அறைக்குக் கீழே இருந்த இடத்துக்குப் போய்ப் பழந்துணியையும் கந்தையையும் பொறுக்கினார். கிணறு தூர் வாரியவர்களுக்கு இது புரியும்: சேறு காலை விடாது, கயிறு உடம்பை விடாது, நடுவில் தோல்தான் கிழியும். எரேமியா ஊழியம் தொடங்கி நாற்பது வருடம் ஆகியிருந்தது. முற்றுகைப் பட்டினியில் எலும்பும் தோலுமாக இருந்திருப்பார். கந்தைகளைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, “இதைக் கயிற்றுக்கு அடியில், அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று மேலிருந்து சொன்னார். எரேமியா அப்படியே செய்தார். அப்புறம்தான் இழுத்தார்கள்.

இறக்கியவர்களும் கயிறுதான் பயன்படுத்தினார்கள். துணி இவருக்குத்தான் தோன்றியது. எழுதிவைத்தவரும் அவசரப்படாமல், அக்குள் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார்.

ஒரு வேடிக்கை. எருசலேமில் தாவீதின் நகரம் என்ற பகுதியில் தொல்லியலாளர் எய்லாத் மசார் நடத்திய அகழாய்வில், 2005-இல் ‘செலேமியாவின் மகன் யூகால்’ என்றும், 2008-இல் ‘பஸ்கூரின் மகன் கெதலியா’ என்றும் பெயர் பதித்த இரண்டு களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். எரேமியாவைத் துரவில் போட்ட நால்வரில் இருவரின் பெயர்கள் அவை. எபெத்மெலேக்குக்கு முத்திரை எதுவும் அகப்படவில்லை.

இவ்வளவு துணிந்தவருக்குப் பயம் இருந்ததா? இருந்தது. அது அடுத்த அதிகாரத்தில்தான் தெரிகிறது. எரேமியா வழியாகக் கடவுள் அவருக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தையில், “நீ பயப்படுகிற மனிதரின் கையில் நீ ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை” என்று வருகிறது. அந்த மனிதர்கள் அந்தப் பிரபுக்களா, கல்தேயர் என்ற பாபிலோன்காரர்களா என்று சொல்லவில்லை. பதவியோ நிலமோ வாக்களிக்கவில்லை. உயிர் மிஞ்சும், அவ்வளவே. எரேமியாவுக்கு எழுதிக்கொடுத்த பாருக்குக்கும் இதே வாக்குறுதிதான் கிடைத்தது.

நகரம் விழுந்தது. சிதேக்கியாவின் கண் முன்னால் அவன் பிள்ளைகளைக் கொன்று, அவன் கண்களையும் பிடுங்கினார்கள். எபெத்மெலேக் எங்கே போனார் என்று வேதாகமம் சொல்லவில்லை. வேதாகமத்தில் சேராத ஒரு பழைய யூதக் கதை சொல்கிறது: நகரத்தின் அழிவை அவர் பார்க்கக் கூடாது என்பதற்காக, எரேமியா அவரை அத்திப்பழம் பறித்துவர ஊருக்கு வெளியே அனுப்புகிறார். மரத்தடியில் கொஞ்சம் கண்ணயர்ந்தவர் 66 வருடம் தூங்கிவிடுகிறார். எழுந்தால் கூடையில் பழம் அன்று பறித்தது போலவே இருக்கிறது. ஊருக்குள் வந்தால் ஒரு வீடும் அடையாளம் தெரியவில்லை. வழி தவறிவிட்டோமோ என்று எதிரில் வந்த ஒரு பெரியவரிடம் கேட்கிறார். அவரோ கூடையைப் பார்த்து, இது அத்திக்காய்க்கும் காலம் இல்லையே, பழம் எங்கிருந்து வந்தது என்கிறார்.

நடந்திருக்க முடியாத கதைதான். ஆனாலும் அவருடைய பயத்தை யாரோ நினைவில் வைத்து, அவருக்காகவே கட்டிய கதை.

நன்றி, வணக்கம்.