தூணில் இடித்தால் மேலே யார் சொல்வது?

நண்பர்களே, வணக்கம்.

படகுப் போக்குவரத்து உள்ள ஆற்றில் பாலம் கட்டும்போது பொறியாளர்கள் முதலில் இரண்டு அளவுகளைப் பார்ப்பார்கள். வெள்ளம் ஏறி நிற்கும்போதும் படகு தட்டாமல் போக உயரம் இருக்கிறதா, தூணுக்கும் தூணுக்கும் நடுவே போதிய அகலம் இருக்கிறதா என்று. இரண்டும் அவசியம்தான். ஆனால் கீழே படகு மோதிவிட்டால், மேலே வந்துகொண்டிருப்பவருக்கு யார் சொல்வது? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1993 செப்டம்பர் 22, அமெரிக்காவின் அலபாமா மாநிலம். மொபைல் நகரத்துக்கு அருகே இரவில் அடர்ந்த மூடுபனி. சரக்கு மிதவைகளைத் தள்ளிக்கொண்டு வந்த படகு ஒன்று வழிதவறி, போகக்கூடாத கிளை ஓடையில் நுழைந்து ரயில் பாலத்தில் மோதியது. பாலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்துவிட்டது. பிற்காலத்தில் படகுகளுக்கு வழிவிடச் சுழலும் பாலமாக மாற்றத் தோதாக அந்தப் பகுதியைக் கட்டியிருந்தார்கள். மாற்றவும் இல்லை, பக்கவாட்டில் நகராதபடி இறுக்கவும் இல்லை.

தண்டவாளம் வளைந்தது, ஆனால் அறுபடவில்லை. அறுந்தால்தான் தண்டவாளம் வழியே ஓடும் மின்சுற்று துண்டாகும், சிக்னல் சிவப்பாகும். அதனால் சிக்னல் பச்சையிலேயே நின்றது. சில நிமிடங்களில் வந்த பயணிகள் ரயில் தண்ணீரில் விழுந்து 47 பேர் இறந்தார்கள். மோதியது பாலத்தில் என்றே படகோட்டிக்குத் தெரியவில்லை. அவரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பாலத்துக்கே தான் அடிபட்டது தெரியவில்லையே, அதற்கு என்ன செய்வது?

2002 மே 26 அன்று அதே அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வெப்பர்ஸ் ஃபால்ஸ் அருகே படகுத் தலைவர் மயங்கி விழ, மிதவைகள் நெடுஞ்சாலைப் பாலத்தின் தூணில் இடித்தன. பாலத்தில் ஒரு பகுதி சரிந்தது. வேகமாக வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆர்க்கன்சா ஆற்றில் விழுந்து 14 பேர் இறந்தார்கள். அங்கே மீன்பிடிப் போட்டிக்கு வந்திருந்தவர்கள் ஒளிக்குண்டு சுட்டு ஒரு லாரியை நிறுத்தினார்கள். மேலே எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது அப்படித்தான்!

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பாலத்தை நெருங்கிய கப்பலின் மின்சாரம் போனதும் ரேடியோவில் தகவல் சொன்னார்கள். போலீசார் உடனே வண்டிகளை நிறுத்தினார்கள். அந்த ஒரு தகவல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஆனால் பாலத்தின் மேல் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கப்பல் தூணில் மோதிப் பாலம் இடிந்ததில் அவர்களில் 6 பேர் இறந்தார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

பிரிட்டனில் சாலைக்கு மேலே செல்லும் ரயில் பாலங்களில் பாலத்தின் அடையாள எண்ணும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை இருக்கும். லாரி இடித்தால், பார்த்தவர் யாரும் அழைக்கலாம். ரயிலை நிறுத்துவார்கள். அதே பலகை ஆற்றைப் பார்த்தும் இருக்கட்டும், படகிலிருந்து இரவிலும் படிக்கும்படி. அப்புறம், பாலம் நகர்ந்தால் உணரும் கருவி, இரு முனையிலும் சிவப்பு விளக்கு, மேலே வேலை செய்பவர் கையில் ரேடியோ. புதிய பாலத்துக்கு டெண்டர் விடும்போதே இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய பாலங்களில் பலகையையாவது இந்த ஆண்டே மாட்டிவிடலாம்.