நான் கையாண்ட கேமராக்களும் லென்ஸ்களும்
(புகைப்படக் கலைஞர்கள் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களே, எனக்குத் தொழில் கற்றுத்தந்த தலைமுறையைச் சேர்ந்த மூத்த ஸ்டூடியோ உரிமையாளர்களே, கழுத்தில் கேமராவுடனேயே மண்டபத்துக்குள் வந்திருக்கும் இளைய தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கைத்தறித் துண்டு போர்த்திச் சிறப்புச் செய்த செயலாளர் தம்பிக்கு என் தனி நன்றி.

என் தொழில் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நான்கு கேமரா, லென்ஸ் இணைகளைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். என் தகப்பனார் கணக்கு நோட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பழமொழியைச் சொல்வார்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. கேமரா பிடித்த நாள் முதல் அதுவே எனக்கும் வழிகாட்டி.

முதல் இணை யாஷிகா மேட் 124 ஜி. 80 மி.மீ. குவியத் தூரமும் எஃப்/3.5 திறப்பும் கொண்ட அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. உடலும் கண்ணும் சேர்ந்தே பிறந்த கேமரா அது. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமைப் போட்டு எடுத்தால் ஒரு சுருளுக்குப் 12 படங்கள்தான். இடுப்புயரத்தில் வைத்துக் குனிந்து பார்ப்பதால், எதிரே நிற்பவரை உற்று நோக்கிக் கூச வைக்காது. கிராமத்துப் பெரியவர்கள் அந்தக் கேமராவின் முன் நிமிர்ந்து நின்றதுபோல் வேறெதன் முன்னும் நின்றதில்லை. பன்னிரண்டே படங்கள் என்னும்போது, ஆற்றில் போட்டாலும் அளந்துதானே போட வேண்டும்?

இரண்டாவது இணை, 1982இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2 கேமராவும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும். பேட்டரி தீர்ந்தால் ஒளிமானி மட்டும்தான் நிற்கும். ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்கும். இந்த இணை கைகொடுத்த ஒரு நிகழ்ச்சியை இளைய தோழர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் நெருங்கும் வேளையில் மின்சாரம் நின்றது, பிளாஷும் கைவிட்டது. நேரம் தவறுகிறது என்று புரோகிதர் அவசரப்படுத்துகிறார். படம் எடுக்காமல் தாலி கட்டுவதா என்று மாப்பிள்ளை வீட்டார் மறிக்கிறார்கள். அப்போது மணப்பெண்ணின் அப்பாயி எழுந்தார். பந்தியில் எரிந்துகொண்டிருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தம் கையாலேயே தூக்கிவந்து, "எந்தப் பக்கம் பிடிக்கணும், சொல்லு தம்பி" என்று கேட்டார். இடப்பக்கமாக, சற்றுத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னேன். ஒளியுணர்திறன் 400 ஏஎஸ்ஏ கொண்ட பிலிம், லென்ஸ் முழுத் திறப்பு, ஷட்டர் நொடியில் 30இல் ஒரு பங்கு. கெட்டிமேளம் ஓயும்வரை அந்த அம்மாள் அசையவே இல்லை. கடைசியாக, விளக்கொளி தம் முகத்திலேயே விழ அவர் நின்ற கோலத்தை ஒரே ஒரு படம் எடுத்தேன். ஆல்பத்தில் அதை யாரும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் வந்து, அப்பாயி தனியாக இருக்கும் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்றார். ஊரும் தேதியும் எழுதி உறையிட்டு வைத்திருந்ததால் நெகட்டிவ் உடனே கைக்கு வந்தது. அன்றே பெரிய அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது இணை, அதே எஃப்எம்2 உடன் 105 மி.மீ. எஃப்/2.5. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் இந்த இணையில் எடுத்ததுதான். முகத்துக்கு இதைவிட நேர்மையான லென்ஸை நான் கண்டதில்லை. நான்காவதான நிக்கான் டி700 டிஜிட்டல் கேமராவின் உடலிலும் அதே பழைய லென்ஸைத்தான் மாட்டினேன். நிக்கான் 1959இல் வகுத்த மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வளையம், அதற்கு இடம் கொடுத்தது. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும், இந்த அவையில் ஆட்சியர் அவர்கள் இருக்கும்போதே சொல்லியாக வேண்டிய வேறொன்று உண்டு.

அந்த அப்பாயியைப் போன்ற பல்லாயிரம் முகங்கள் நம் ஸ்டூடியோக்களின் பரண்களில் நெகட்டிவ்களாகக் கிடக்கின்றன. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை, வெள்ளி பிரித்தெடுப்பதற்காக எடைக்கு வாங்கிப் போகிறார்கள். எஞ்சியவற்றில் அசிடேட் பிலிம்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்த காடி நாற்றம் வீசிச் சுருண்டு அழிகின்றன. லைக்கா கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் வாழ்நாள் துணையாகக் கொண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களை எடுத்த படங்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. நம் ஊர் ஸ்டூடியோக்காரரின் உழைப்புக்கு அந்தப் பாதுகாப்பு ஏன் கூடாது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. அந்தப் பணி ஒவ்வொரு மாவட்டத்திலும் தொடர வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாமோ ஒரு தலைமுறையின் முகங்களை அளக்காமலே ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, மாவட்ட அருங்காட்சியகத்தில் குளிரூட்டிய ஓர் அறையும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும், பட்டியலிட ஒரு பணியாளரும் வேண்டுமென்று ஆட்சியர் அவர்களையும் காப்பாட்சியர் அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். என் நெகட்டிவ்கள் முழுவதையும் முதல் கொடையாக ஒப்படைக்கிறேன். இதனைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். மூத்த உறுப்பினர் ஒருவர் வழிமொழிய வேண்டுகிறேன். வணக்கம்.