மாஸ்டர்ஸில் எவ்வளவு வாங்கினால் நல்ல மார்க்?

[திரையில் பெரிதாக: 62]

மாஸ்டர்ஸில் 62 சதவீதம். நல்ல மார்க்கா, சுமாரா? பிரிட்டனில் வாங்கியது என்றால் மெரிட், தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்தியாவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது முதல் வகுப்பு, ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு பாடத்தில் 62 என்றால் வழக்கமாக டி கிரேடு, முதுநிலையில் அது பெயிலுக்குச் சமம். அதனால், எங்கே படிக்கிறாய், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று திருப்பிக் கேட்காமல், ‘இத்தனை வாங்கினால் போதும்’ என்று ஒரே எண்ணைச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

முதலில் பிரிட்டன். இளநிலையில் 40 எடுத்தால் பாஸ், மாஸ்டர்ஸில் பொதுவாக 50. அதற்கு மேலே 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். வெறும் 70தானா என்று தோன்றும். அங்கே பேப்பர் திருத்துகிறவர்கள் 80க்கு மேல் போடுவதே அபூர்வம், 90 எல்லாம் கண்ணில் படாது. எனவே 65க்கு மேல் நிற்கிறவர் நன்றாகவே படிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது.

[திரையில்: 120 கிரெடிட் பாடங்கள் + 60 கிரெடிட் ஆய்வேடு = 180]

வழக்கமான ஒரு வருட மாஸ்டர்ஸில் மூன்றில் ஒரு பங்கு ஆய்வேட்டுக்குப் போய்விடுகிறது. பாடங்களில் சராசரி 66, ஆய்வேட்டில் 72 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சராசரி 68தான், மெரிட்டோடு நின்றுவிடும். இதே ஆள் 70ஐத் தொட வேண்டுமென்றால் ஆய்வேட்டில் 78 எடுக்க வேண்டும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் செமஸ்டரில் கோட்டைவிட்டதைக் கடைசியில் ஆய்வேட்டில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இப்போதே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம், பல இடங்களில் சராசரி 70 வந்தால் மட்டும் போதாது, ஆய்வேட்டிலும் தனியாக 70 கேட்பார்கள். உங்கள் துறையின் கையேட்டில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை.

அமெரிக்காவில் 4.0 அளவுகோல்: ஏ என்றால் 4, பி என்றால் 3. முதுநிலையில் பல இடங்களில் சராசரி 3.0க்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதமே வரும். அதாவது இளநிலையில் கௌரவமாகத் தெரிந்த பி கிரேடு, இங்கே தாண்டியே ஆக வேண்டிய வேலி. சி வாங்கிய பாடத்தைப் பல துறைகள் பட்டத்துக்கான கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் 3.5 இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், 3.7க்கு மேல் என்றால் நல்ல மார்க் என்று தயங்காமல் சொல்லலாம்.

பிரான்ஸில் 20க்குப் போடுவார்கள். 10 பாஸ், 14 ‘நன்று’, 16 ‘மிக நன்று’. நெதர்லாந்தில் 10க்கு 8 என்றால் சபாஷ், 10 என்பது கேள்விப்பட மட்டும்.

சரி, ஜெர்மனி. அங்கே எல்லாமே தலைகீழ். 1.0தான் உச்சம், 4.0 பாஸ், எண் ஏற ஏற மார்க் இறங்குகிறது. 2.5 வரை ‘நன்று’ என்ற வகையில் வரும், பல படிப்புகளில் சேர்வதற்கான வரம்பும் அந்த 2.5தான். வெளிநாட்டு மார்க்கை மாற்ற பவேரியன் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

[திரையில் ஒவ்வொரு படியாக வரட்டும்]

அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழியுங்கள். அதே அதிகபட்சத்திலிருந்து பாஸ் மார்க்கைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். நூற்றுக்கு 75 எடுத்தவர், பாஸ் மார்க் 50 என்றால் சரியாக 2.5, வரம்பின் விளிம்பு. அதே 75, பாஸ் மார்க் 40 என்றால் 2.25, நிம்மதி. இரண்டு பேரும் வாங்கியது ஒரே மார்க்தான். எனவே மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் பாஸ் மார்க் என்ன என்று பார்க்காமல் விண்ணப்பத்தில் எதையும் நிரப்பாதீர்கள்.

இப்போது ‘எதற்கு’ என்ற கேள்வி. இந்தியாவில் நெட் எனப்படும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வை எழுதவோ உதவிப் பேராசிரியர் ஆகவோ பொதுப் பிரிவினருக்கு முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். 54.8 வாங்கியவருக்கும் 35 வாங்கியவருக்கும் அங்கே ஒரே பதில்தான். பிஎச்டிக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. வரம்பைத் தாண்டிவிட்டால், மொத்தச் சராசரியை விட ஆய்வேட்டு மார்க்கையும் ஆய்வுக்கு நெருங்கிய பாடங்களையும்தான் துழாவிப் பார்ப்பார்கள். புள்ளியியல் சார்ந்த ஆய்வுக்கு விண்ணப்பித்துவிட்டு, புள்ளியியலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏ வைத்திருந்தால் என்ன பிரயோஜனம்? சராசரியை ஏற்ற சுலபமான விருப்பப் பாடங்களாகப் பொறுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை, பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாமல் போகாது.

வேலைக்கு என்றால், முதல் வேலைக்குச் சில நிறுவனங்கள் ஒரு வரம்பு வைத்து வடிகட்டும். இரண்டு மூன்று வருட அனுபவம் வந்தபின் அதை யாரும் கேட்பது அரிது.

கடைசியாக ரெஸ்யூமே. 8.2/10 என்று அளவுகோலோடு அப்படியே போடுங்கள். நீங்களாக 4.0க்கு மாற்றப்போய் 0.4ஆல் பெருக்கினால் 3.28 என்று வந்து நிற்கும். டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் பாடம் பாடமாக மாற்றும்போது அதே மார்க் அதைவிட மேலே வருவது சகஜம்.