பதிவு நின்றுபோனவர்கள்

அனைவருக்கும் வணக்கம். நோயாளிகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே இணையத்தில் பதிகிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்து மருந்து ஆய்வு நடத்தினால் அதை நம்பலாமா, அது அறமா என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஏ.எல்.எஸ். என்று ஒரு நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். அந்த நோயாளிகளிடம் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளில் ஒன்று கையெழுத்தைப் பற்றியது. முன்போலவே எழுத முடிந்தால் 4 மதிப்பெண். கோணல்மாணலாக இருந்தாலும் எல்லாச் சொல்லையும் படிக்க முடிந்தால் 3. சில சொற்கள் புரியாவிட்டால் 2. பேனாவைப் பிடிக்கலாம், எழுத வராது என்றால் 1. பிடிக்கவே முடியாவிட்டால் 0. இப்படியே பேச்சு, விழுங்குவது, படியேறுவது, படுக்கையில் புரண்டு போர்வையைச் சரிசெய்வது, மூச்சு எல்லாம் சேர்த்து மொத்தம் 48.

பேஷண்ட்ஸ் லைக் மீ என்ற அமெரிக்க இணையதளத்தில், நோயாளிகள் இந்த மதிப்பெண்ணைத் தாங்களே போட்டுப் பதிந்து வந்தார்கள். ஸ்டீபன் ஹேவுட் என்பவருக்கு 29 வயதில் இந்த நோய் வந்தது. அவருடைய சகோதரர்கள் ஒரு நண்பரோடு சேர்ந்து 2004இல் தொடங்கிய தளம் அது.

2008இல் இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 44 நோயாளிகள், அவர்களில் 16 பேருக்கு லித்தியம். பதினைந்து மாதங்களில் அந்தப் பதினாறு பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை என்றது கட்டுரை. லித்தியம் மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் மருந்து. காத்திருக்க நேரமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். சாப்பிட்டதையும் பதிந்தார்கள்.

தளத்தின் ஆய்வாளர்கள் அப்படி 149 பேரின் பதிவுகளை எடுத்தார்கள். லித்தியம் சாப்பிடாதவர்களோடு சும்மா ஒப்பிட்டால் தப்பாகிவிடும். துணிந்து புது மருந்து எடுப்பவர் மற்றவரைப் போன்றவர் அல்ல. அதனால், மருந்து தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் மதிப்பெண் எந்த வேகத்தில் இறங்கியதோ, ஏறக்குறைய அதே வேகத்தில் இறங்கியவர்களைத் தேடி ஜோடி சேர்த்தார்கள். பன்னிரண்டு மாதம் பார்த்தும் லித்தியத்தால் எந்தப் பலனும் தெரியவில்லை. 2011இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி'யில் அது வெளிவந்தது. மருத்துவமனைகளில் முறைப்படி நடந்த சோதனைகளும் அதையே சொல்லின.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பதிந்தவர்கள் லித்தியம் வேலை செய்ய வேண்டும் என்று மனதார விரும்பியவர்கள். அவர்களுடைய சாய்வு முழுக்க மருந்தின் பக்கம். அப்படியிருந்தும் பலன் தெரியவில்லை என்பதால்தான் அந்த முடிவை நம்ப முடிகிறது. பலன் உண்டு என்று வந்திருந்தால், அதே பதிவுகளை நான் இவ்வளவு எளிதாக நம்பியிருக்க மாட்டேன். தலைவலி, தூக்கம், சோர்வு போன்றவற்றில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. மாத்திரை போட்டோம் என்ற நினைப்பே அங்கே பாதி வேலையைச் செய்துவிடும்.

சரி, அறத்துக்கு வருவோம். லித்தியம் ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலே நஞ்சு. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். முறையான சோதனையில் பக்கவிளைவு மிஞ்சினால் நிறுத்தச் சொல்ல ஒரு குழு இருக்கும். தளம் யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனாலும், இத்தனை பேர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு கடமையும் இல்லையா? இருக்கிறது என்பேன்.

அப்புறம் தரவு யாருடையது என்ற கேள்வி. அந்தத் தளம் மருந்து நிறுவனங்களுக்குத் தரவை விற்றது. விற்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் 2010இல் வெளி நிறுவனம் ஒன்று உறுப்பினராக உள்ளே நுழைந்து, மனநலப் பகுதியில் மக்கள் எழுதியதையெல்லாம் மென்பொருள் வைத்து அள்ளியது. புனைபெயரில் எழுதினால் போதும் என்று நினைக்கிறோம். அரிய நோயின் பெயரோடு வயதும் ஊரும் சேர்ந்தால் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. பேனா கேள்விக்கு 0 வந்தவர் தட்டச்சு செய்வது எப்படி? மனைவியோ மகளோ உட்கார்ந்து பதிகிறார்கள். அவருடைய மூச்சுத்திணறலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஒருநாள் அந்தப் பதிவும் நின்றுபோகிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் விட்டாரா, சலித்துப்போனாரா, இறந்துவிட்டாரா, திரையைப் பார்த்தால் தெரியாது. கணக்கில் அது ஒரு வெற்றுக் கட்டம். இப்படி ஆய்வு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் கட்டத்தை சூத்திரம் போட்டு நிரப்புவதற்கு முன்னால், அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். அதற்கான அனுமதியை முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள்.