காட்டுக்கு எல்லை போட்ட கதை

(வன்னிக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஐயாமார், அம்மாமார், பின்னால் நிற்கிற தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

"காட்டுக்குள்ளேயே இருக்கிற எங்களுக்குப் பூங்காவைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஒரு ஐயா வாசலில் கேட்டார். நியாயமான கேள்வி. 2015 ஜூன் மாதத்தில் எங்கள் வடக்கில் சுண்டிக்குளமும் மடு வீதிச் சரணாலயமும் தேசிய பூங்காக்களாகின. வர்த்தமானியில் ஒரு கோடு விழுந்தால், கோட்டுக்கு உள்ளே விறகு பொறுக்குவதும் தேன் எடுப்பதும் குற்றமாகிவிடும். அந்தக் கோடு எங்கே பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இங்கிலாந்தில் தொடங்குவோம். 1079 அளவில் முதலாம் வில்லியம் அரசன் தெற்கே ஒரு பெரும் பரப்பைத் தன் மான் வேட்டைக்கென்று ஒதுக்கினான். அரச காட்டில் மானைக் கொன்ற குடியானவனுக்குக் கண்ணும் கையும் போன காலம் அது. சனம் பொறுத்துப் பார்த்தது, பிரபுக்களும் முரண்டினார்கள். 1217இல், சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றியின் பெயரில் வனச் சாசனம் ஒன்று வந்தது. மானுக்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்றது அது. காட்டில் மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் குடிகளுக்கு இருந்த உரிமையை எழுத்தில் ஏற்றது. எண்ணூறு வருடத்துக்கு முந்திய அந்தத் தாளில் இருப்பது எங்கள் ஊர்க் கூட்டங்களில் பேசுகிற அதே விஷயம்தான்.

நகரப் பூங்காவின் கதை வேறு. தொழிற்சாலைப் புகைக்குள் நெரிபட்ட தொழிலாளிக்கு நடக்க ஒரு திறந்த வெளி வேண்டும் என்று 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று சொன்னது. 1847இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பேர்க்கன்ஹெட் பூங்கா பொதுப் பணத்தில் திறந்தது. அமெரிக்கரான ஓம்ஸ்டெட் 1850இல் அதைப் பார்த்து வியந்தார். பின்னாளில் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவர் அவர். அழகான பூங்கா, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் செனெக்கா என்ற கிராமம் இருந்தது. கறுப்பின மக்கள் சொந்தமாகக் காணி வாங்கிக் கட்டிய வீடுகளும் தேவாலயங்களும் 1857இல் இடிக்கப்பட்டன. அங்கே இருந்தவர்களைப் பத்திரிகைகள் அத்துமீறிக் குடியிருப்பவர்கள் என்று எழுதின. உறுதி கையில் இருந்தவர்களையும்தான்!

1872 மார்ச் 1இல் உலகின் முதல் தேசிய பூங்காவாக அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டது. ஷோஷோனி, குரோ போன்ற பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் திரிந்த நிலம் அது. ஆளில்லாக் காடு என்று உலகுக்குச் சொன்னார்கள். 1886 முதல் 1918 வரை அந்தப் பூங்காவைக் காத்தது இராணுவம்.

இலங்கைக்கு இந்தக் கோடு வேட்டை வழியாக வந்தது. யால, வெள்ளைக்காரத் துரைமாரின் வேட்டை ஒதுக்காக இருந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின.

காட்டைக் காப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதிரையும் பாலையும் இரவோடிரவாக லொறியில் போவதைப் பார்த்துக் கொதிக்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். யானைக்கும் போக வழி வேண்டும். ஆனால் எங்கள் காட்டுக்குள் போய்ப் பாருங்கள்: உடைந்த குளக்கட்டு, தூர்ந்த துரவு, ஐயனார் கல். யுத்தத்தால் இடம்பெயர்ந்து கிடந்த வருடங்களில் வயலிலும் மரம் வளர்ந்துவிட்டது. திரும்பி வந்தவர்கள் அங்கே எல்லைக்கல்லைக் கண்டார்கள். அதை ஆளில்லாக் காடு என்று ஏற்க என்னால் முடியாது.

வேறு வழியும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஊலுரு என்ற பெரும் பாறை இருக்கிற நிலம் 1985 ஒக்டோபரில் அங்குள்ள பழங்குடிகளான அனங்கு மக்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைப் பூங்காவாக 99 வருடக் குத்தகைக்கு அரசுக்கு விட்டார்கள். நிர்வாக சபையில் பெரும்பான்மை அவர்களுக்கு. தங்கள் புனிதப் பாறையில் ஏற வேண்டாம் என்று அந்தச் சபை முடிவெடுத்தது. 2019இல் ஏறுவது நின்றது. பூங்கா இன்றும் பூங்காவாகவே இருக்கிறது.

சரி, நாங்கள் செய்யக்கூடியது என்ன? வாசிகசாலையில் ஒரு கொப்பி திறப்போம். எந்தக் குளம் யார் திருத்தியது, எந்த ஒழுங்கையால் மாடு போனது, எந்தக் காணிக்கு உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் உண்டு என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். அடுத்த முறை எல்லை அளக்க வருகிறவர்களோடு அந்தக் கொப்பியும் இரண்டு பெரியவர்களும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்போம். முதல் பக்கத்தை இன்றைக்கே தொடங்கலாம். வாசலில் கேள்வி கேட்ட ஐயா, உங்கள் பக்கத்துக் குளத்தின் பெயரை முதலில் சொல்லுங்கோ.